பால்வாடிக்கு மூன்று சென்ட்: யார் யாரிடம் அனுமதி கேட்பது?

கொல்லிமலையில் கள ஆய்வுக்காக நான் தங்கியிருந்த ஊரில் பால்வாடி மாரியம்மன் கோயில் திண்ணையில் நடக்கிறது. முப்பது வீடுகூட இல்லாத குடியிருப்பு. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை; எழுதினால் அது அங்கன்வாடிப் பணியாளர் தலையில்தான் விடியும். சாரல் திண்ணைக்குள் அடித்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் அப்படித்தான் போகிறது. சத்துமாவு மூட்டையைக் கோயிலுக்குள் வைத்துக்கொள்ளப் பூசாரி சம்மதித்திருக்கிறார். ஆனால் மாதத்தில் மூன்று நாள் அந்த அக்கா உள்ளே போய் அதை எடுக்க முடியாது. வாசலில் நின்று யாரையாவது கூப்பிடுவார்.

கட்டடத்துக்குப் பணம் ஒதுக்காமல் இல்லை. இரண்டு முறை ஒதுக்கினார்கள். பொறியாளர் வந்தார், டேப் பிடித்து அளந்தார். ஊர் காட்டிய இடம், மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை அடிக்கும் களத்தின் ஓரம். கேட்டது மூன்று சென்ட். இரண்டு முறையும் கோப்பு ஒரே வரியோடு திரும்பி வந்தது: இடம் வன நிலம், உரிய அனுமதி பெற்று வரவும். மார்ச் மாதம் முடிந்தது, பணம் திரும்பிப் போனது. உரிய அனுமதி என்றால் என்ன, அதை யார் யாரிடம் கேட்க வேண்டும் என்று அந்த வரியில் இல்லை. ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அலுவலகத்திலும் யாருக்கும் தெரியவில்லை என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

நான் மலையைச் சேர்ந்தவள் அல்ல. அடிவாரத்தில் ஒரு சேரியில் பிறந்தவள். நிலப் பதிவேடுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்வதற்காக மலை ஏறினேன். பால்வாடி என் ஆய்வுத் தலைப்பிலேயே இல்லை. ஆனால் மூன்று சென்ட் நிலத்துக்காக ஒரு ஊர் ஆண்டுக்கணக்கில் அலைவதைப் பார்த்த பிறகு, சாதி ஒழிப்பு பேசும் நாம் இந்தச் 'சின்ன' விஷயத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றியது. அதைத்தான் எழுதுகிறேன்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே பதினான்கு ஊராட்சிகள். ஏறக்குறைய 40 ஆயிரம் மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்று அட்டவணையில் உள்ள பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையில் ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் மொத்தமே இரண்டு. ஏற்காடு ஒன்று, கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் மற்றொன்று. சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பலாம், பால்வாடிக்கு இடம் எடுக்க முடியாது.

இந்தக் களம் எப்படி வன நிலம் ஆனது? 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் மலை மலையாக எல்லைக்கல் நட்டான். கல்லுக்கு உள்ளே இருந்த ஊரும் களமும் சுடுகாடும் கோயிலும் ஒரே அறிவிக்கையில் காப்புக்காடு ஆகின. ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் கொடு என்றது சட்டம். எழுதத் தெரியாதவன் ஆட்சேபணை இல்லாதவன் ஆனான். வெள்ளைக்காரன் போன பிறகும் கல் அங்கேயே இருந்தது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு நிலத்தை வேறு எதற்குப் பயன்படுத்துவதானாலும் ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும் என்றது. 1996இல் உச்ச நீதிமன்றம், நம் கூடலூரில் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், காடு என்ற சொல்லின் பொருளையே விரித்தது. இவற்றின் நோக்கம் மரக் கடத்தலையும் பெரிய திட்டங்களையும் தடுப்பது. அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வலை விரித்தவர்கள் சுறாவையும் அயிரையையும் ஒரே கண்ணில் அளந்துவிட்டார்கள். சுரங்கத்துக்குப் பல நூறு ஏக்கர் கேட்கும் நிறுவனமும், பால்வாடிக்கு மூன்று சென்ட் கேட்கும் ஊரும் ஒரே வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. நிறுவனத்திடம் அந்த வாசலைத் திறக்க வழக்கறிஞரும் ஆலோசகரும் உண்டு. ஊரிடம் என்ன உண்டு?

இந்த அநியாயத்தைச் சரிசெய்ய ஒரு சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளது. இதைப் பட்டா வழங்கும் சட்டம் என்றே எல்லோரும் நினைக்கிறோம், இயக்கத் தோழர்கள் உட்பட. அதன் 3ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவைப் படித்தவர்கள் குறைவு. 1980 சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் சரி என்று தொடங்கும் உட்பிரிவு அது. அரசு நிர்வகிக்கும் பதின்மூன்று வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தைத் தரலாம் என்கிறது: பள்ளி, மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, ரேசன் கடை, மின்சார, தொலைபேசிக் கம்பிகள், குளம் முதலிய சிறு நீர்நிலைகள், குடிநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு, சிறு பாசன வாய்க்கால், சூரிய ஒளி போன்ற மரபுசாரா மின்சாரம், தொழிற்பயிற்சி மையம், சாலை, சமுதாயக்கூடம். நிபந்தனைகள் மூன்றே. ஒவ்வொரு வேலைக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட். பால்வாடி கேட்பது மூன்று. மூன்று மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் மூன்று கிலோமீட்டர் வரைக்கும் ஒரு ஹெக்டேருக்குள் அடங்கும். மலையில் எத்தனையோ குடியிருப்புகளுக்கும் தார்ச்சாலைக்கும் இடையே இருப்பது அந்தத் தூரம்தான்.

மூன்றாவது நிபந்தனை இன்னும் முக்கியமானது. வழக்கமான அனுமதி மேலிருந்து கீழே வருகிறது. இங்கே ஊர் முதலில் பேசுகிறது. பழங்குடியினர் நல அமைச்சகம் 2009 மே 18இல் இதற்கான நடைமுறையை எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. கட்டடம் கட்டப்போகும் துறை 'அ' படிவத்தை நிரப்ப வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தை அதோடு இணைக்க வேண்டும். ரேஞ்சர் இடத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். மாவட்ட வன அலுவலர் ஒப்புக்கொண்டால் வேலை முடிந்தது. அவருக்கு உடன்பாடு இல்லை என்றால் கோப்பு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும், அங்கே முடிவாகும். காலக்கெடு எல்லாம் வாரக் கணக்கில். கோப்பு மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. டெல்லியும் வேண்டாம், சென்னையும் வேண்டாம்.

பிறகு ஏன் பால்வாடி இன்னும் திண்ணையில்?

தமிழ்நாட்டுக்கு என்று ஒரு காரணம் உண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்த நான்காவது மாதமே, 2008 ஏப்ரலில், அதை எதிர்த்து ஓய்வுபெற்ற வன அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. நீதிமன்றத்தைக் கேட்காமல் உரிமைப் பட்டா தரக்கூடாது, மரம் வெட்டக்கூடாது என்றது. 2016 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள். மற்ற மாநிலங்களில் அதிகாரிகள் படிவம் நிரப்பப் பழகிய காலத்தில், இங்கே அவர்கள் 'கோர்ட்டில் இருக்கிறது' என்று சொல்லப் பழகினார்கள். தடை போன பிறகும் பழக்கம் போகவில்லை.

நான் இதை நேரில் பார்த்தேன். ஊர்ப் பெண்கள் இரண்டு பேரோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கிருந்தவர் கெட்ட மனிதர் அல்ல, உட்கார வைத்துத்தான் பேசினார். “அதெல்லாம் பட்டாவுக்கு வந்த சட்டம்மா. கட்டடம்னா சென்ட்ரல் கவர்மென்ட்டுக்குப் போகணும். போர்ட்டல்ல போடச் சொல்லுங்க” என்றார். யார் போட வேண்டும் என்று கேட்டேன். “யூசர் ஏஜென்சி” என்றார். அப்படியென்றால் யார்? கட்டுகிற துறை. கட்டுகிற துறையிடம் போனால், இடம் தருகிற துறை எழுதிக் கொடுக்கட்டும் என்கிறார்கள். நான் 3(2) பிரிவை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். இரண்டு முறை படித்தார். செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். “இது நம்ம ஸ்டேட்டுக்குப் பொருந்துமா?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கூட வந்த அக்காவுக்கு வந்தது. வெளியே வந்து, “எம் பையன் பத்தாவதுல ஒரு கேள்விக்குப் பதில் தெரியலன்னா பெயிலு போடுறாங்க பாப்பா, இவருக்கு யாரு பெயிலு போடுறது?” என்றார்.

தெரியாமை என்று மட்டும் இதை விட்டுவிட முடியுமா? அதிகார வர்க்கம் தனக்குத் தேவையானதைத் தேடித் தெரிந்துகொள்ளும். எந்தச் சட்டம் அலுவலக மேசையில் இருக்கும், எது அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் என்பதைத் தீர்மானிப்பது, அந்தச் சட்டத்தைக் கேட்டு வாசலில் நிற்பவர் யார் என்பதுதான்.

அதே மலையை வேறு கண்ணால் பாருங்கள். வேதாந்தா குழுமத்தின் மால்கோ நிறுவனம் கொல்லிமலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் ஆலைக்குக் கொண்டுபோனது. மலையின் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கும் வேலைக்கு அனுமதி கிடைத்த நாட்டில்தான் பால்வாடிக் கோப்பு திரும்பி வருகிறது. இதே வேதாந்தாவுக்கு ஒடிசாவின் நியமகிரி மலையில் என்ன நடந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. பன்னிரண்டு கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. வேண்டாம் என்று சொல்லும் கிராம சபையின் அதிகாரத்தை நாடு முழுக்கக் கொண்டாடினோம், சரியாகவே கொண்டாடினோம். வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அதே சட்டத்தில் இருப்பதைப் பேசவில்லை. மூன்று சென்ட்டுக்கு யார் பேரணி நடத்துவார்கள்?

இன்னொன்று. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள், இந்தியில் ஒரு நீளமான பெயரும் வைத்தார்கள். அந்தத் திருத்தத்தின்படி, வனத் திட்டத்தில் சேர்த்துவிட்டால் சூழல் சுற்றுலா வசதிகள் காட்டுக்குப் புறம்பான பயன்பாடே அல்ல. அரசு நடத்தும் விலங்குக் காட்சிச்சாலையும் சஃபாரியும் அப்படியே. அதாவது, ஆகாய கங்கையைப் பார்க்க வருபவர் தங்க ஒரு குடில் கட்டினால் அது காட்டின் இயல்பான பகுதி. அந்த அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்குகிறவர்களுக்கு அன்னாசி வெட்டி விற்கும் பெண்ணின் பிள்ளை உட்காரும் பால்வாடி மட்டும் காட்டுக்குப் புறம்பானது. இதை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது தெரிகிறது.

அனுமதி கிடைக்காமல் போவதற்கு விலை உண்டு. 2023 மே மாதக் கடைசியில் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத மலை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியில் நின்றது, தாய் உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தார். படம் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. அவர்களும் மலையாளி மக்கள்தான். அதன் பிறகு கோப்புகள் வேகமெடுத்தன. நாமக்கல் மாவட்டத்திலேயே கொல்லிமலைக்குப் பக்கத்தில் போதமலை இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அலுவலர்கள் ஏறிய மலை. அங்கே சாலைப் பணி இப்போது அண்மை ஆண்டுகளில்தான் தொடங்கியது, நூறு கோடிக்கு மேல் ஒதுக்கி. அது ஒரு ஹெக்டேருக்குள் அடங்கும் வேலை அல்ல, 3(2) அங்கே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஓட்டுப் பெட்டி நடந்தே ஏறிய பாதையில், பிரசவ வலி கண்ட பெண் டோலியில் இறங்கிய காலம் எத்தனை பத்தாண்டு என்று யோசியுங்கள்.

கிராம சபை என்றதும் இந்தத் தளத்தின் வாசகர்கள் பலர் முகம் சுளிப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களிடம் அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அண்ணல் அம்பேத்கர் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியும். கிராமம் யாருடைய குடியரசு என்பது சேரியில் பிறந்தவளுக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் ஒருவர் தலைவராக உட்காரக்கூடாது என்பதற்காகப் பத்து ஆண்டு தேர்தலையே நடத்தவிடவில்லை. 1997இல் மேலவளவில் முருகேசனை வெட்டிக் கொன்றது அவர் ஊராட்சித் தலைவர் ஆனதற்காக. எங்கள் ஊர் கிராம சபையில் என் அம்மா ஒரு முறைகூட வாய் திறந்து நான் பார்த்ததில்லை. திறந்தால் மறுநாள் களையெடுக்கக் கூப்பிட மாட்டார்கள்.

மலையில் சாதி இல்லை என்றும் யாரும் நினைக்க வேண்டாம். மலையாளி மக்கள் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்கிறார்கள். “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி எனக்கு முதல் வாரமே வந்தது. பதில் சொன்ன பிறகு ஒரு வீட்டில் காப்பி வாசலுக்கு வந்தது, அதுவரை உள்ளே கொடுத்தவர்கள்தான். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் பழங்குடி வாழ்வைப் புனிதமாக்கிக் காட்டினால், அது நம்மை ஏமாற்றியவர்கள் செய்த வேலையையே நானும் செய்வதாகும்.

ஆனாலும் இந்தச் சட்டம் சொல்லும் கிராம சபை, சமவெளியில் ஆகஸ்ட் 15க்குக் கூடி, கையெழுத்து வாங்கிக் கலையும் கிராம சபை அல்ல. 2012இல் திருத்திய விதிகளின்படி பாதிக்குக் குறையாத உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும், வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். பதிவேட்டில் ஊர் என்று இல்லாத பழைய குடியிருப்பும் இந்தச் சட்டத்தின் வரையறையில் ஊர்தான். இது காகிதத்தில் கிடக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை, ஆகவே பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டம் இங்கே செல்லாது. நடைமுறையில் மொத்த ஊராட்சிக்கும் ஒரே சபை என்கிறார்கள். கொல்லிமலையில் ஓர் ஊராட்சி என்பது மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் பல குடியிருப்புகள். கடைசிக் குடியிருப்பிலிருந்து கூட்டத்துக்கு வந்து திரும்ப ஒரு நாள் கூலி போகும். பாதிப் பேர் எப்படி வருவார்கள்? போதாக்குறைக்கு 2025 சனவரியோடு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது. சபையைக் கூட்ட வேண்டிய ஊராட்சியே அதிகாரியின் மேசைக்குள் போய்விட்டது.

அதனால் அந்த ஊரில் தாங்களாகவே கூடினார்கள். களத்தில்தான் கூட்டம். சாமை அறுப்பு முடிந்திருந்த நேரம், வைக்கோல் போரில் சாய்ந்துகொண்டு பெண்கள், கல்மேல் ஆண்கள். என் வேலை எழுதுவது மட்டும். பால்வாடிக்குத் தீர்மானம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம்.

“பால்வாடி ஆச்சு, கக்கூஸ் எழுது” என்றார் ஒரு பாட்டி. திட்டத்தில் கட்டிக் கொடுத்த கழிப்பறைகளில் தண்ணீர் இல்லை, விறகு அடுக்கியிருக்கிறார்கள். ஊற்றுப் பக்கம் பொதுவாக ஒன்று கட்டினால் தண்ணீர் உண்டு, அந்த இடமும் வன நிலம். நான் பட்டியலைப் புரட்டினேன். பதின்மூன்றில் கழிப்பறை இல்லை. டெலிபோன் கம்பி இருக்கிறது, தொழிற்பயிற்சி மையம் இருக்கிறது, கழிப்பறை இல்லை. “சுடுகாட்டுக்கு ஒரு கொட்டாய்?” என்றார் இன்னொருவர். மழையில் பிணத்தை வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை என்றார். அதுவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே சட்டத்தின் விதிகளில், ஊர் பழமையானது என்று நிரூபிக்கப் புதைகாட்டைச் சான்றாகக் காட்டலாம். செத்தவர்கள் சாட்சி சொல்லலாம். அவர்களுக்குக் கூரை கிடையாது. 2019இல் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கியதைப் பார்த்த மாநிலம் இது. சுடுகாடு வசதியா இல்லையா என்று பட்டியல் போட்டவர்களுக்குத் தோன்றாமல் போனதில் எனக்கு வியப்பில்லை. பட்டியல் போட்ட அறையில் அந்தப் பாட்டியும் இல்லை, என் அம்மாவும் இல்லை. ஊராரே வழி கண்டுபிடித்தார்கள்: பால்வாடி வரைபடத்துக்குள்ளேயே கழிப்பறை வரட்டும், குழாய் ஊற்றிலிருந்து வரட்டும், குழாய் பட்டியலில் இருக்கிறது. சுடுகாட்டுக்கு வழி கிடைக்கவில்லை.

சாலை என்றதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பெரியவர் எழுந்தார். “ரோடு வந்த ஊருல போய்ப் பாரு. மிளகுத் தோட்டம் எல்லாம் கீழ்நாட்டான் பேருல இருக்கு. ரோட்டுல ஆம்புலன்சு மட்டுமா வரும்? பத்திரமும் வரும்” என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொல்லிமலையில் ரிசார்ட் எங்கெல்லாம் முளைத்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். பிரசவத்தில் மகளை இழந்த பெண் ஒருவர், “நெலம் போனா கூலிக்குப் போலாம் மாமா, புள்ள போனா எங்க போறது?” என்றார். அன்றைக்குச் சாலைத் தீர்மானம் நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. தங்கள் காட்டில் சாலை வேண்டுமா என்று அந்த ஊரை யாரும் இதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அவசரமில்லாமல் விவாதிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நான் சாலையின் பக்கம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் முடிவு என்னுடையது அல்ல.

நம் இயக்கங்களுக்கு இதில் வேலை இருக்கிறது. வாச்சாத்தி வழக்கை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20இல் நடந்த கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29இல் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்ற தீர்ப்பையும், 2023இல் உயர் நீதிமன்றத்தில் அதன் உறுதியையும் வாங்க அந்த மலையாளி மக்களும் உடன் நின்றவர்களும் முப்பது ஆண்டுக்கு மேல் போராடினார்கள். அந்தப் பிடிவாதம் நம்மிடம் உண்டு. அதில் ஒரு துளியைப் படிவம் நிரப்புவதற்கும் கொடுக்கலாம். மலையடிவாரக் கிளைகள் ஒவ்வொன்றும் நான்கு குடியிருப்புகளுக்குப் போய், வன நிலம் என்று திரும்பி வந்த கோப்புகள் எத்தனை என்று கேட்டாலே போதும், வேலை தொடங்கிவிடும். தலித் குடும்பங்கள் காட்டோரம் வாழும் இடங்களில் இது இன்னும் அவசியம். தனிப்பட்ட உரிமைக்குப் பழங்குடியல்லாதவர் 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். முகவரியே இல்லாமல் துரத்தப்பட்டவர்களிடம் மூன்று தலைமுறைச் சான்று கேட்கிறது சட்டம். 3(2) அப்படி ஆள் பார்த்துக் கேட்பதில்லை. ஊருக்குக் குடிநீர்க் குழாய் என்றால் ஊரில் உள்ள எல்லோருக்கும்தான். அரசிடம் கேட்பதற்கும் இருக்கிறது: ஒவ்வொரு மலை வட்டாரத்திலும் 'அ' படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று பெயர் சொல்லி ஆணை போடட்டும். குடியிருப்பு அளவிலான கிராம சபையை ஏற்கட்டும். பட்டியலில் கழிப்பறையும் இடுகாடும் சேர ஒன்றியத்துக்கு எழுதட்டும்.

அந்த ஊரின் தீர்மானத்தைக் கையெழுத்தோடும் கைநாட்டோடும் எடுத்துக்கொண்டு செம்மேட்டுக்கு இறங்கினோம். தை மாதக் குளிர். துறை கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்னும் காலி. தபாலை வாங்கிக்கொள்ள முதலில் மறுத்தார்கள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், சாப்பாட்டு நேரம் முடிந்தும் எழவில்லை. மூன்று மணி வாக்கில் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, “மார்ச்சுக்கு இன்னும் எத்தன நாள் பாப்பா இருக்கு?” என்று கேட்டார். எண்ணிச் சொன்னேன்.